வடிவமைப்பு அலுவலகத்திலிருந்து வகுப்பறைக்கு: ஒரு பணிமாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

நிகழ்வு

கட்டமைப்பு வடிவமைப்பு அலுவலகமொன்றில் 14 ஆண்டு வேலை பார்த்த பொறியாளர். கடைசி ஐந்தாண்டு குழுத் தலைவர். முதுகலைப் பட்டம் உண்டு, முனைவர் பட்டம் இல்லை. கல்லூரியில் முழுநேர விரிவுரையாளராகச் சேர்கிறார். மூன்றாம் ஆண்டு மாணவர்கள் 60 பேருக்கு வலுவூட்டிய கான்கிரீட் வடிவமைப்பு என்ற பாடம் அவருக்கு ஒதுக்கப்படுகிறது. வாரம் மூன்று வகுப்பு, ஒவ்வொன்றும் 50 நிமிடம், செமஸ்டருக்கு 15 வாரம்.

இவர் ஒரு தனி மனிதர் அல்ல. இத்தகைய பணிமாற்றங்களில் திரும்பத் திரும்ப வரும் கூறுகளைச் சேர்த்து நாங்கள் அமைத்த மாதிரி. செவிலியர், கணக்காளர், மென்பொருள் பொறியாளர் என்று துறை மாறினால் உதாரணங்கள் மாறும். சிக்கல் இதேதான். கட்டமைப்புப் பொறியியலை எடுத்துக்கொண்டதற்குக் காரணம், பிழை எங்கே நுழைகிறது என்பதை இங்கே எண்ணிலேயே காட்டிவிடலாம்.

நான்காவது வாரம்

முதல் மூன்று வாரம் வகுப்பு நன்றாகவே போவதாகத் தோன்றும். பணியிடக் கதைகளுக்கு மாணவர்கள் காது கொடுப்பார்கள், கேள்வி கேட்பார்கள். அலுவலகத்தில் காட்டிப் பழகிய ஸ்லைடுகள் அப்படியே வகுப்புக்கு வரும். 50 நிமிடத்தில் 60, 70 ஸ்லைடு ஓடும். “புரிந்ததா?” என்றால் தலையாட்டுவார்கள்.

நான்காவது வாரம் முதல் தேர்வு. கேள்வி எளிது. இரு முனையிலும் சாதாரணமாகத் தாங்கப்பட்ட 6 மீட்டர் பீம். தன் எடையும் சேர்த்து மீட்டருக்கு 20 கிலோநியூட்டன் சுமை. அகலம் 300 மி.மீ., முழு ஆழம் 450 மி.மீ. கவர் (கம்பிகளை வெளியே மூடியிருக்கும் கான்கிரீட்) 25 மி.மீ., ஸ்டிரப் (அடிக்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) 8 மி.மீ. கம்பி, அடிக்கம்பி 16 மி.மீ. கம்பியின் வலிமை சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். அடியில் எத்தனை கம்பி வேண்டும்?

பெரும்பாலான தாள்களில் விடை நான்கு. சரியான விடை ஐந்து. கவனக்குறைவு என்று முடிவு செய்து, அடுத்த வகுப்பில் அதே கணக்கை அதே வேகத்தில் இன்னொரு முறை போட்டுக் காட்டுவதுதான் புதிதாக வந்த ஆசிரியர் வழக்கமாகச் செய்வது. அதனால் எதுவும் மாறுவதில்லை.

41 மில்லிமீட்டர் எங்கே போயிற்று

கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். சுமையை நீளத்தின் வர்க்கத்தால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் விளைவின் அளவு) 90 கிலோநியூட்டன் மீட்டர். பாதுகாப்புக்காகச் சுமையைப் பெருக்கும் சுமைக் காரணி 1.5 என்று கொண்டால் 135. கம்பியின் பரப்பைக் காண இந்த மொமென்ட்டை, கம்பியின் வடிவமைப்புத் தகைவாலும் (ஒரு சதுர மில்லிமீட்டர் தாங்குவதாகக் கொள்ளும் விசை) லீவர் ஆர்மாலும் வகுக்க வேண்டும். வடிவமைப்புத் தகைவு 500-இன் 0.87 பங்கு, அதாவது 435. லீவர் ஆர்ம், அதாவது மேலே கான்கிரீட்டின் அழுத்த விசைக்கும் அடிக்கம்பியின் இழுவிசைக்கும் இடையிலுள்ள தூரம், தோராயமாகப் பயனுறு ஆழத்தின் 0.9 பங்கு.

பயனுறு ஆழம் என்பது பீமின் மேல்விளிம்பிலிருந்து அடிக்கம்பியின் மையம் வரை உள்ள தூரம். 450-இலிருந்து கவர் 25, ஸ்டிரப் 8, கம்பியின் பாதி விட்டம் 8 ஆகியவை கழியும். மொத்தம் 41 மி.மீ. போக மிச்சம் 409. இதைப் போட்டால் சுமார் 843 ச.மி.மீ. கம்பி தேவை. 16 மி.மீ. கம்பி ஒன்றின் பரப்பு 201. ஆகவே ஐந்து. கழிக்காமல் 450-ஐயே போட்டால் 766 வரும், நான்கு கம்பி போதும் என்று தோன்றும்.

ஆசிரியர் கரும்பலகையில் எழுதியது நேராக 409. அவர் அந்த 41-ஐக் கணக்கிடுவதே இல்லை. ஆயிரக்கணக்கான பீம்களுக்குப் பிறகு, 450 என்றதும் கை தானாக 409 என்று எழுதுகிறது. அவருக்கு அது படியாகவே தெரியாததால் சொல்லவும் தோன்றவில்லை. மாணவருக்கோ படத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒரே ஆழம் 450. மூன்று சிறு கழித்தல் ஆசிரியரின் பழக்கத்துக்குள் மறைந்துபோனதால் ஒரு கம்பி குறைந்தது.

தொழிலில் தேர்ச்சி என்பதே படிகளைச் சுருக்குவதுதான். மைக்கேலீன் சீயும் உடன் ஆய்வாளர்களும் 1981-இல் இயற்பியல் கணக்குகளைக் கொடுத்து வகைபிரிக்கச் சொன்னபோது, புதிதாகப் படிப்பவர்கள் சாய்தளம், கப்பி என்று கண்ணில் பட்ட பொருளை வைத்துப் பிரித்தார்கள். தேர்ந்தவர்கள் எந்த விதியால் தீர்க்கலாம் என்பதை வைத்துப் பிரித்தார்கள். நம் வகுப்பிலும் இதுவே நடக்கிறது. ஒரு மீட்டர் அகல ஸ்லாப் பட்டை ஓர் அகன்ற பீம்தான் என்று ஆசிரியருக்குத் தெரியும், அதனால் ஸ்லாப் பாடத்தைப் பாதி நேரத்தில் முடிக்கிறார். மாணவர் குறிப்பேட்டில் ‘பீம் கணக்கு’, ‘ஸ்லாப் கணக்கு’ என்று தொடர்பில்லாத இரண்டு செய்முறைகள் இருக்கின்றன.

இதற்கு நேர் எதிரான ஓட்டையும் உண்டு. 0.87 எங்கிருந்து வந்தது என்று ஒரு மாணவர் கேட்பார். 14 ஆண்டாக மென்பொருள்தான் அந்த எண்ணைப் போட்டுவந்தது. அது 1-ஐ 1.15-ஆல் வகுத்தது, 1.15 கம்பியின் தரத்தில் வரும் ஏற்றத்தாழ்வுக்கான பாதுகாப்புக் காரணி என்று அந்த இடத்தில் சொல்ல வராமல் நிற்பவர்கள் அதிகம். விகாரப் படம் (குறுக்குவெட்டு எங்கே எவ்வளவு நீள்கிறது, சுருங்குகிறது என்பது), தகைவுத் தொகுதி (அதனால் கான்கிரீட்டில் எழும் தகைவின் வடிவம்), அதிலிருந்து மொமென்ட் என்ற வரிசையை அலுவலகத்தில் யாரும் கேட்பதில்லை, அதனால் மறந்துபோகிறது. ஆக, கையில் நன்றாக இருக்கும் பகுதி அதிகமாகச் சுருங்கியிருக்கிறது, பயன்படாத பகுதி துருப்பிடித்திருக்கிறது. இரண்டையும் வகுப்பு தொடங்குமுன் சரிசெய்ய வேண்டும். பாடத்தின் பழைய வினாத்தாள்களை எடுத்துக் கையாலேயே, மென்பொருள் இல்லாமல், ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் காரணம் எழுதித் தீர்ப்பதுதான் இதற்கு நாங்கள் கண்ட நேரான வழி. சலிப்பான வேலை. ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் செமஸ்டர் முழுக்கக் கேள்விகளுக்குப் பயந்தே பாடம் நடத்துகிறார்கள்.

ஒரு பாடத்தைப் பிரித்துக் கட்டுதல்

முதல் வேலை, பாடத்தில் வரும் ஒவ்வொரு விதியையும் மூன்று அடுக்கில் ஒன்றில் வைப்பது. சுமை, நீளம், மொமென்ட் உறவு இயற்பியல். அது எந்த நாட்டிலும் மாறாது. 1.5-உம் 1.15-உம் விதிநூல். நாட்டுக்கு நாடு, பதிப்புக்குப் பதிப்பு மாறும். “அடியில் 12 மி.மீ.-க்குக் குறைந்த கம்பி போடாதே”, “ஒரே பீமில் இரண்டு விட்டத்துக்கு மேல் கலக்காதே” போன்றவை அலுவலக வழக்கம். அதற்கும் காரணம் உண்டு, கம்பி கட்டுபவர் குழம்பக்கூடாது என்பது. ஆனால் அது விதியல்ல. பணியிலிருந்து வருபவரின் தலையில் இந்த மூன்றும் ஒரே குரலில் பேசும். பிரிக்காமல் கொடுத்தால் மாணவர் மூன்றையும் ஒரே எடையில் மனப்பாடம் செய்வார், வேறு அலுவலகத்துக்குப் போன முதல் மாதமே தடுமாறுவார். குறிப்புகளின் ஓரத்தில் இயற்பியல், விதி, வழக்கம் என்று ஒவ்வொரு வரிக்கும் குறியிட்டாலே போதும்.

இரண்டாவது, 50 நிமிடத்தைப் பிரிப்பது. மேலே சொன்ன பீம் பாடத்துக்கு நாங்கள் பரிந்துரைப்பது இப்படி: கவர், ஸ்டிரப், கம்பி எல்லாம் அளவோடு வரைந்த குறுக்குவெட்டுப் படம் ஒன்றைக் கொடுத்து, பயனுறு ஆழத்தை எதுவும் சொல்லித்தராமல் 5 நிமிடம் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிட 4 நிமிடம். 450, 425, 417, 409 என்று நான்கு விடையும் வகுப்பில் இருக்கும். நான்கையும் பலகையில் எழுதுங்கள், ஒவ்வொன்றும் எதைக் கழிக்க மறந்தது என்று அவர்களே சொல்வார்கள். பிறகு 12 நிமிடம் முழுதாகத் தீர்த்த கணக்கு, ஒரு படியும் விடாமல். அடுத்து மொமென்ட் வரை தீர்த்து மிச்சத்தை விட்டுவைத்த கணக்கு, 10 நிமிடம். அடுத்து முழுக்கணக்கு அவர்களாகவே, 12 நிமிடம். ஒரு பிழையுள்ள வடிவமைப்பைக் கொடுத்துப் பிழையைத் தேடச் சொல்ல 5 நிமிடம். இன்னும் எது தெளிவாகவில்லை என்று ஒரு வரி எழுதி வாங்க 2 நிமிடம்.

தீர்த்த கணக்கு, பாதி தீர்த்தது, தீர்க்காதது என்ற வரிசை முக்கியம். புதிதாகக் கற்பவருக்கு முழுதாகத் தீர்த்த கணக்கைப் படிப்பது, நேராகக் கணக்கில் இறங்குவதைவிட அதிகம் சொல்லித்தரும். ஜான் ஸ்வெல்லரும் கிரகாம் கூப்பரும் 1985-இல் இயற்கணிதத்தில் இதைக் காட்டினார்கள். கொஞ்சம் தேறியபின் அதே தீர்த்த கணக்கு பாரமாகிவிடும், அதனால்தான் படிப்படியாக எடுக்க வேண்டும். பணியிலிருந்து வருபவர்கள் இரண்டு முனையில் ஒன்றில் விழுகிறார்கள். எல்லாவற்றையும் தானே தீர்த்துக் காட்டுவார்கள், இல்லையென்றால் “வேலையில் இப்படித்தான், நீயே கண்டுபிடி” என்று முதல் நாளே விட்டுவிடுவார்கள். இரண்டாவது முனை கண்டிப்பான பயிற்சி போலத் தெரியும், ஆனால் ஏற்கெனவே தெரிந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் உதவாது.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் பழக வேண்டிய ஒன்று. கேள்விக்குப் பின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று விநாடிக்கு நீட்டினால் விடைகள் நீளமாகவும் அதிகம் பேரிடமிருந்தும் வருகின்றன என்றும் மேரி பட் ரோவின் ஆய்வுகள் சொல்கின்றன. அலுவலகக் கூட்டத்தில் மௌனம் என்றால் யாருக்கும் விடை தெரியவில்லை என்று பொருள். வகுப்பில் யோசிக்கிறார்கள் என்று பொருள்.

விரிவுரையைக் குறைத்து இப்படி மாணவர்களைச் செய்யவைத்தால் பாடத்திட்டம் முடியாது என்பது வழக்கமான பயம். அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்து ஸ்காட் ஃபிரீமன் குழு 2014-இல் வெளியிட்ட முடிவில், விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 33.8 சதவீதம், மாணவர்களைச் செயலில் ஈடுபடுத்திய வகுப்புகளில் 21.8. இரண்டு தலைப்பை வீட்டில் படிக்க விட்டுவிட்டு மிச்சத்தைச் சரியாக நடத்துவது எங்கள் பார்வையில் நியாயமான பேரம்.

அலுவலகக் கோப்பும் பொதுப் பதிவும்

பழைய வேலையின் வரைபடங்களை வகுப்புக்குக் கொண்டுவர எல்லோருக்கும் ஆசை வரும். அவை அலுவலகத்துக்கும் வாடிக்கையாளருக்கும் சொந்தமானவை. எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு தாளும் வரக்கூடாது. அனுமதி கிடைத்தாலும் பெயர், இடம், வரைபட எண் நீக்க வேண்டும். அடையாளத்தை மறைக்கச் சிலர் நீளத்தை மட்டும் மாற்றிவிடுகிறார்கள். 6 மீட்டர் 7 ஆனால் மொமென்ட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடும். படத்திலுள்ள பழைய கம்பி எண்ணிக்கை பொருந்தாது. ஒரு எண்ணை மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி வடிவமைக்க வேண்டும்.

பெரும்பாலும் பொதுப் பதிவிலுள்ள நிகழ்வே நல்லது. 1981 ஜூலை 17 அன்று அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஹயாட் ரீஜென்சி ஓட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து 114 பேர் இறந்தார்கள். முதல் வடிவமைப்பில், கூரையிலிருந்து தொங்கும் ஒரே நீளக் கம்பி நான்காம் தள நடைபாதையையும் அதன் கீழே இரண்டாம் தள நடைபாதையையும் தாங்கியது. தயாரிப்பு வரைபடக் கட்டத்தில் அதை இரண்டு கம்பியாக மாற்றினார்கள். மேல் கம்பி கூரையிலிருந்து நான்காம் தளத்துக்கு, கீழ்க் கம்பி நான்காம் தள பீமிலிருந்து இரண்டாம் தளத்துக்கு. முன்பு நான்காம் தள பீமின் கீழுள்ள நட் அந்த ஒரு தளத்தின் சுமையைத்தான் தாங்கியது. மாற்றத்துக்குப் பின் இரண்டு தளச் சுமையும் அதே இணைப்பில் வந்து விழுந்தது.

இதில் வடிவகணிதம் கிடையாது, கடினமான சமன்பாடு கிடையாது. ஒரு சுதந்திர உடல் வரைபடம் (ஒரு பகுதியைத் தனியே பிரித்து அதன்மேல் வரும் விசைகளைக் காட்டும் படம்) போதும். இரண்டு படத்தையும் கொடுத்து, எந்த நட்டில் எவ்வளவு விசை என்று முதலில் எழுதச் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்பதை அதற்குப் பிறகே சொல்ல வேண்டும். வரிசையை மாற்றிக் கதையை முதலில் சொன்னால் மாணவர்களுக்கு விபத்து நினைவில் நிற்கும், விசை இரட்டித்தது ஏன் என்பது நிற்காது. சொந்தப் பணியிடக் கதைகளுக்கும் இதே ஒழுங்குதான்.

நேரக் கணக்கு

புதிய பாடத்தின் ஒரு வகுப்புக்கு முதல் முறை நான்கு மணி நேரத் தயாரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் மூன்று வகுப்புக்கு 12 மணி. இரண்டு வெவ்வேறு பாடம் கிடைத்தால் 24. வகுப்பு நேரம் 5, ஆய்வகம் 4, திருத்தல் 10. வாரம் 43 மணி ஆகிவிட்டது, இன்னும் ஒரு கூட்டமும் மாணவர் சந்திப்பும் சேரவில்லை. அலுவலகத்தில் கீழே இருந்த இளம் பொறியாளர்களும் வரைவாளரும் இங்கே கிடையாது. வினாத்தாள் தட்டச்சும் மதிப்பெண் ஏற்றுவதும் தானே செய்ய வேண்டும்.

ஆகவே வேலை ஏற்கும்போது சம்பளத்துக்கு இணையாகப் பேச வேண்டியது ஒன்று உண்டு. முதல் ஆண்டில் இரண்டு வெவ்வேறு பாடங்களுக்குப் பதில் ஒரே பாடத்தின் இரண்டு பிரிவுகள் கேளுங்கள். வகுப்பு நேரம் அதேதான், தயாரிப்பு பாதியாகும், முதல் பிரிவில் சறுக்கியதை மறுநாள் இரண்டாவது பிரிவில் திருத்தலாம். துறைத் தலைவர்கள் பெரும்பாலும் இதற்குச் சம்மதிக்கிறார்கள், அவர்களுக்குச் செலவில்லை. முன்பு நடத்தியவரின் பாடத்திட்டம், வினாத்தாள், ஸ்லைடு ஆகியவற்றையும் சேர்ந்தவுடன் கேட்டு வாங்க வேண்டும். எல்லாவற்றையும் புதிதாக எழுதுவேன் என்ற உற்சாகம் ஆறாவது வாரத்தில் தீர்ந்துவிடும்.

திருத்துதல்

60 பேர், ஆறு அசைன்மென்ட், ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் 72 மணி நேரம். ஐந்து நிமிடமாக்கினால் 30. குறைப்பது எப்படி என்பதைவிட, 12 நிமிடம் ஏன் ஆகிறது என்பதைப் பார்க்க வேண்டும். அலுவலகத்தில் ஒரு வரைபடம் வெளியே போகுமுன் ஒவ்வொரு கோடும் சரியாக இருக்க வேண்டும், அதனால் சரிபார்ப்பவர் எல்லாவற்றையும் சிவப்பில் குறிப்பார். அந்தக் கண்ணோடு மாணவர் தாளைத் திருத்தினால் தாள் முழுக்கச் சிவப்பாகும், மாணவர் ஒன்றையும் படிக்க மாட்டார். இந்த வாரம் கற்க வேண்டியது எதுவோ அதை மட்டும் குறியுங்கள். நான்கு அளவுகோல், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3. அசைன்மென்டோடு சேர்த்தே அதை மாணவரிடம் கொடுத்துவிட வேண்டும்.

தொடர்பிழையில், அதாவது ஒரு படியில் செய்த பிழை பின்வரும் படிகளின் விடையையும் மாற்றிவிடும்போதுதான், பணியிலிருந்து வந்தவர் மிகவும் சங்கடப்படுகிறார். நம் கணக்குக்கு 10 மதிப்பெண் என்றால் சுமை, மொமென்ட், பயனுறு ஆழம், கம்பிப் பரப்பு, அமைப்புச் சரிபார்ப்பு என்று தலா 2. 450 போட்டு நான்கு கம்பி கண்டவர் இரண்டு மதிப்பெண்தான் இழப்பார். “இந்த பீமைக் கட்டினால் ஆபத்து, சுழியம்தான்” என்று உள்ளிருக்கும் பொறியாளர் சொல்வார். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. கற்றலை அளக்கும் கேள்வியில் தொடர்பிழைக்கு ஒருமுறை மட்டுமே தண்டனை என்பதும், பாதுகாப்பை அளக்க, வேறொருவரின் வடிவமைப்பைச் சரிபார்த்து ஏற்கலாமா கூடாதா என்று முடிவு சொல்லும் தனிக் கேள்வி, அதில் பாதி மதிப்பெண் கிடையாது என்பதும் எங்கள் தீர்வு. மாணவர்களுக்கு இது புரிகிறது, எதிர்ப்பும் வருவதில்லை.

தேர்வு நேரத்தைப் பொறுத்தவரை, ஆசிரியர் தாளை எழுதி முடிக்க ஆகும் நேரத்தைக் குறைந்தது மூன்றால் பெருக்க வேண்டும். அதையும் கேள்வி அமைத்த அன்றே எழுதிப் பார்க்காமல், ஒரு வாரம் கழித்து எழுதிப் பார்க்க வேண்டும். “இது தேர்வில் வருமா?” என்ற கேள்வியை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதற்கு எவ்வளவு எடை என்று முதல் வாரமே ஒரு பக்கத்தில் கொடுத்துவிட்டால் அந்தக் கேள்வி குறைந்துவிடும்.

சேருமுன்

நேர்முகத்தில் 20 நிமிட மாதிரி வகுப்பு கேட்பார்கள். கட்டிய கட்டடங்களைக் காட்டி அதைச் செலவழிப்பவர்களே அதிகம். தேர்வுக் குழு பார்க்க விரும்புவது, ஒரே ஒரு கருத்தை, தெரியாத ஒருவருக்குப் புரியவைக்க முடிகிறதா என்பதை. பயனுறு ஆழம் மாதிரி ஒரு சிறு விஷயமே 20 நிமிடத்துக்குப் போதுமானது. விண்ணப்பத்தில் திட்டங்களின் பட்டியலைவிட, எந்தெந்தப் பாடங்களை நடத்த முடியும், அதற்கு எந்தத் திட்ட அனுபவம் துணை என்று எழுதுவது பலன் தரும்.

வேலையை விடுவதற்கு ஓராண்டு முன்பே ஒரு செமஸ்டராவது பகுதிநேரமாக ஒரு முழுப் பாடம் நடத்திப் பார்க்க வேண்டும். ஒருநாள் சிறப்புரை இதற்கு ஈடாகாது. அதில் திருத்தலும் இல்லை, நான்காவது வாரமும் இல்லை.

அவசரத்தில் மறந்துபோவது தொழில் பொறுப்புக் காப்பீடு. இத்தகைய காப்பீடுகளில் பல, உரிமைகோரல் வரும் நாளில் நடப்பில் இருந்தால்தான் பணம் தரும். கட்டடத்தில் விரிசல் வெளிப்பட ஆண்டுகள் ஆகலாம். சொந்தப் பெயரில் கையெழுத்திட்ட வேலைகள் இருந்தால், வேலையை விட்டபின்னும் அந்தப் பாதுகாப்பு எவ்வளவு காலம் நீளும் என்று அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரி ஒப்பந்தத்தில் வெளி ஆலோசனை வேலைக்கு எத்தனை நாள் அனுமதி, அதில் கல்லூரிக்குப் பங்கு உண்டா, எழுதும் பாடப்பொருளின் உரிமை யாருக்கு என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருக்க வேண்டும்.

முனைவர் பட்டமும் பின்னாளும்

முனைவர் பட்டம் வேண்டுமா என்பது பதவியைப் பொறுத்தது. தொழில் அனுபவத்தையே தகுதியாகக் கொள்ளும் ஒப்பந்தப் பதவிகள் பல இடங்களில் உண்டு. ஆனால் அவற்றுக்குக் காலவரம்பு இருக்கும், நிரந்தரப் பதவிக்கோ பதவி உயர்வுக்கோ பட்டம் கேட்பார்கள். பட்டம் தேவைப்படும் இடம் என்றால் முதல் ஆண்டிலேயே தொடங்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. முதல் ஆண்டின் 43 மணி நேர வாரத்தில் அதற்கு இடமில்லை, இரண்டும் கெடும். இரண்டாம் ஆண்டில் அதே பாடத்துக்கு வகுப்பொன்றுக்கு ஒன்றிரண்டு மணித் தயாரிப்பு போதுமாகும்போது தொடங்கலாம். ஆய்வுத் தலைப்பை வகுப்புக்குப் பக்கத்திலேயே தேடலாம். வடிவமைப்புச் சரிபார்ப்பில் பிழைகள் எங்கே தப்பிப்போகின்றன என்ற கேள்விக்குத் தரவு சேர்க்க, தொழிலிலிருந்து வந்தவருக்கு இருக்கும் தொடர்பு வேறு ஆய்வாளருக்கு எளிதில் கிடைக்காது.

கொண்டுவந்த அனுபவத்துக்கும் வயதாகும். விதிநூல் திருத்தப்படும், மென்பொருள் மாறும். ஐந்தாண்டில் ‘அலுவலக வழக்கம்’ என்று குறியிட்ட வரிகளில் பாதி பழசாகியிருக்கும். தொழில் உரிமத்தை விட்டுவிடாமல் ஆண்டுக்குத் தேவையான பயிற்சி நேரத்தை முடித்துக்கொள்ள வேண்டும். நீண்ட விடுமுறையில் இரண்டு வாரமாவது ஒரு வடிவமைப்பு அலுவலகத்தில் உட்கார வேண்டும், சம்பளமில்லாமல் என்றாலும். திரும்பி வந்ததும் குறிப்புகளின் ஓரத்திலுள்ள குறிகளைப் பார்த்து, விதியும் வழக்கமும் என்று குறித்த வரிகளை மட்டும் எடுத்துத் திருத்தினால் அந்த ஆண்டுக்கான புதுப்பித்தல் ஒரு வாரத்தில் முடிந்துவிடும்.